வார்ப்பிரும்பு சட்டி: கறி சமைக்கிறவர்களைவிட காய்கறி சமைக்கிறவர்களுக்குத்தான் தேவை

வார்ப்பிரும்பு சட்டியின் விளம்பரம் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பெரிய இறைச்சித் துண்டு பொரிந்துகொண்டிருக்கும். அதனாலேயே காய்கறி மட்டும் சமைக்கிறவர்கள் 'நமக்கு எதுக்கு இவ்வளவு கனம்' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் கொஞ்ச காலமாக இரவுச் சாப்பாட்டுக்கும் அதற்கு அப்புறம் வருகிற பழ இனிப்புக்கும் 26 செ.மீ. அகலத்தில் ஒரு வார்ப்பிரும்பு சட்டியைத்தான் வைத்திருக்கிறேன். ஓவனுக்குள்ளும் போகும், மூடி கிடையாது. என் கருத்து விளம்பரத்துக்கு நேர் எதிர். இறைச்சிக்குக் கொழுப்பு கூடவே வருகிறது, சுமாரான சட்டியில் போட்டாலும் எப்படியோ ஒப்பேற்றிவிடும். காளானுக்கும் டோஃபு என்கிற சோயா பனீருக்கும் காலிஃபிளவருக்கும் அந்தச் சலுகை இல்லை. நன்றாகச் சிவந்தால் சாப்பாடு, சிவக்காவிட்டால் வெந்த காய், அவ்வளவுதான்.

சிவப்பது வெறும் நிற மாற்றம் இல்லை. ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் காயில் இருக்கிற சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து அந்த வறுத்த வாசனை வருகிறது. மேலே ஈரம் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காளானிலோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மெல்லிய சட்டியில் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டதும் சட்டியின் சூடு பொசுக்கென்று இறங்கிவிடும், காளான் விட்ட தண்ணீரிலேயே காளான் கொதிக்கும், கடைசியில் ரப்பர் மாதிரி சாம்பல் நிறத் துண்டுகள் மிஞ்சும். அடுப்பைக் கூட்டலாமே என்றால், நான்ஸ்டிக் பூச்சுக்கு 260 டிகிரிதான் எல்லை என்கிறார்கள், வெறும் சட்டி பெரிய தீயில் அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது. வார்ப்பிரும்பு இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. கனத்துக்கு ஏற்ற சூட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பதால், குளிர்ந்த காய் விழுந்தாலும் அவ்வளவாக அசராது.

காளானை இதில் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் சளசளவென்று ஈரச் சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் அது சடசடவென்று காய்ந்த சத்தமாக மாறும். அந்த மாற்றம் வந்த பிறகுதான் எண்ணெய், உப்பு, பூண்டு எல்லாம். அதற்கு முன்னால் கரண்டி போட்டுக் கிண்டுவதில் பிரயோஜனம் இல்லை. நேரம் கூடிவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம். காளானின் செல் சுவர் கைட்டின் என்ற உறுதியான பொருளால் ஆனது, காய்கறி குழைவதுபோல அது குழையாது.

காலிஃபிளவரைத் தண்டோடு சேர்த்து இரண்டு செ.மீ. தடிமனுக்கு வெட்டி, வெட்டிய பக்கம் சட்டியில் படும்படி வைத்து லேசாக அழுத்திவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் ஓரம் கருஞ்சிவப்பாகும். அதற்கு முன் தூக்கினால் சட்டியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், சிவந்த பிறகு தானாகவே விடும். டோஃபுவும் அப்படித்தான், ஆனால் முதலில் துணியில் சுற்றிக் கனமான எதையாவது மேலே வைத்துத் தண்ணீரை வடித்தாக வேண்டும். ஈர டோஃபுவை எந்தச் சட்டியாலும் காப்பாற்ற முடியாது. வேகவைத்த கொண்டைக்கடலையைத் துடைத்துப் போட்டால் தோல் மொறுமொறுவென்று வருகிறது. கத்திரிக்காய் மட்டும் எனக்கு இன்னும் திருப்தியாக வரவில்லை, ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் குடித்துவிடுகிறது. அதை நேராக ஓவனில் வைப்பதே மேல்.

சரி, குறைகள். வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் பரப்புவதில் மோசம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வெப்பத்தைக் கடத்தும் திறன் நாலில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். சின்ன பர்னரில் வைத்தால் நடுவில் கருகும், ஓரத்தில் பச்சையாக இருக்கும். ஏழெட்டு நிமிடமாவது மிதமான தீயில் காயவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், பசியோடு வீட்டுக்கு வருகிற அன்றைக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். கைப்பிடியும் அதே இரும்புதான் என்பதால் துணி இல்லாமல் தொட முடியாது. என்னுடையதில் அட்டைப்பெட்டி மேல் 'பழக்கப்பட்டது, உடனே சமைக்கலாம்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், முதல் உருளைக்கிழங்கு வறுவலே பாதி சட்டியில் தங்கிவிட்டது. மறுபடி மெல்லிசாக எண்ணெய் தடவி, துடைத்து, ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. எண்ணெய் சூட்டில் இறுகிப் பிளாஸ்டிக் போன்ற ஒரு படலமாவதைத்தான் பழக்குவது என்கிறோம். தடிமனாகத் தடவினால் பிசுபிசுப்பு, அப்புறம் உரியும்.

அந்தப் படலத்துக்குப் புளிப்பு ஆகாது. தக்காளிக் குழம்பை அரை மணி நேரம் இதில் கொதிக்கவிட்டால் நாக்கில் இரும்பு தெரியும். பழத்துக்கும் இதே கதைதான், அதுவும் எதிர்பார்க்காத அளவுக்கு. இரும்புப் பாத்திரங்களில் சமைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1986இல் அமெரிக்காவில் வெளியானது. ஆப்பிள் கூழில் 100 கிராமுக்கு அரை மில்லிகிராம்கூட இல்லாத இரும்புச்சத்து, சமைத்த பிறகு 7 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது லாபம்தானே என்று கேட்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் இப்படிச் சேர்கிற இரும்பில் எவ்வளவு உடம்பில் ஒட்டும் என்பது கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது, வைட்டமின் சி இருந்தால் கூடும், சாப்பாட்டோடு டீ குடித்தால் குறையும். இரத்தசோகைக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் சட்டியை நம்பி அதை நிறுத்தாதீர்கள். உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேருகிற கோளாறு இருப்பவர்களுக்கு இந்தச் சட்டியே வேண்டாம்.

ஆகவே பழத்தை இதில் வேகமாக முடிக்க வேண்டும். கூழும் ஜாமும் ஸ்டீல் பாத்திரத்துக்கு. பெர்ரி வகைகளையும் அங்கேயே அனுப்பிவிடுங்கள், அந்தச் சிவப்பு நிறமி இரும்போடு சேர்ந்தால் அழுக்கு நீலமாகிவிடுகிறது. ஆப்பிளோ பேரிக்காயோ என்றால் தடிமனான துண்டுகளாக்கி, வெண்ணெயில் ஒரே வரிசையாக அடுக்கி, ஒரு பக்கம் சிவந்ததும் சர்க்கரை தூவித் திருப்பிப் போட்டால் போதும். சர்க்கரை 160 டிகிரிக்கு மேல் உருகிக் கேரமலாகும்போது வாசனை வீடு முழுக்க வரும், அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள், அணைத்த பிறகும் சட்டி சூடாகவே இருப்பதால் பொன்னிறம் கறுப்பாக அரை நிமிடம் போதும். உடனே தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. வாழைப்பழத்தை நீளவாக்கில் வெட்டி, வெட்டிய பக்கம் கீழே, இரண்டு நிமிடம். அன்னாசியை மேல் ஈரம் துடைத்துவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன காளான் கதைதான். சூடு பட்டதும் அன்னாசியில் இருக்கிற நொதி செயலிழப்பதால் நாக்கு அரிக்காது என்பது கூடுதல் வசதி.

ஒரு சிக்கலை மட்டும் யாரும் சொல்வதில்லை. பூண்டு வறுத்த சட்டியில் ஆப்பிள் போட்டால் ஆப்பிளில் பூண்டு வரும். உப்பு போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது, காலிச் சட்டியை ஓவனில் நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் பெருமளவு போகிறது. இரண்டையும் ஒரே இரவில் செய்வதாக இருந்தால் இனிப்பை முதலில் முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறேன், அதுதான் எளிது. கழுவுவதற்குச் சோப்பு கூடாது என்பது காஸ்டிக் சோடா கலந்த பழைய சோப்புக் காலத்துப் பேச்சு, இன்றைய பாத்திர திரவம் கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது. ஊறவைப்பதுதான் கூடாது. கழுவியதும் அடுப்பில் வைத்துக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள், துரு வராது.

தினமும் குழம்பும் கூட்டும்தான் என்றால் இதை வாங்கவே வேண்டாம். வறுவலும் ஓவன் சமையலும் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம், நாலு பேர் வீட்டுக்கு 26 செ.மீ.க்குக் குறையாமல், ஏனென்றால் நெருக்கி அடுக்கினால் எதுவும் சிவக்காது. மணிக்கட்டு வலி இருப்பவர்கள் கார்பன் ஸ்டீல் சட்டியைப் பாருங்கள், இதேபோலப் பழக்கிக்கொள்ளலாம், எடை நன்றாகவே குறைவு.