‘விபத்தில்லா வண்டி’ என்று எழுதித் தருவார்கள், வெள்ளத்தில் நின்றதைச் சொல்ல மாட்டார்கள்

பழைய டீசல் கார் தேடுகிறவர்கள், அதிலும் சென்னைப் பதிவெண் உள்ள ஃபோர்டு எக்கோஸ்போர்ட் பார்க்கிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு யூஸ்டு கார் கடையில் 2018 மாடல் டீசல் எக்கோஸ்போர்ட்டை 5.6 லட்சத்துக்கு வாங்கினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தில் நின்ற வண்டி அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

ஏன் எக்கோஸ்போர்ட் என்று கேட்பீர்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைகழுவியது. ஃபோக்ஸ்வாகனும் ஸ்கோடாவும் சின்ன டீசலை அப்போதே விட்டார்கள், பிறகு ஹோண்டாவும் விட்டது. புதிதாகச் சின்ன டீசல் எஸ்யூவி வேண்டுமென்றால் நெக்ஸான், சோனெட், வென்யூ, 3எக்ஸ்ஓ என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பயந்து பழைய டீசல் பக்கம் வருகிறவர்கள் வேறு. என்னைக் கேட்டால், அந்த 1.5 டீசல் இன்ஜினும் ஸ்டியரிங்கும் தருகிற சுகம் இன்று வரும் 4 மீட்டர் எஸ்யூவிகளில் பாதிக்கு மேல் கிடையாது. ஸ்கிரீன்தான் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிறது. சரி, புலம்பலை விடுவோம். வாங்க ஆள் இருக்கிறது, நல்ல வண்டி வருவதில்லை. இப்படிப்பட்ட மாடலில்தான் வெள்ள வண்டியைத் தள்ளிவிடுவது சுலபம்.

கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கொடுத்தார். பெயின்ட் கனம் அளந்து காட்டினார், எல்லாப் பேனலும் ஒரிஜினல். ‘விபத்தில்லா வண்டி’ என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். சர்வீஸ் ரெக்கார்டு 2023 அக்டோபரோடு நிற்பதைக் கேட்டதற்கு, “ஃபோர்டு போனதுக்கு அப்புறம் எல்லாரும் வெளி கேரேஜ்தானுங்க சார்” என்றார். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு பலர் அப்படித்தான் போனார்கள், அதனால் நம்பும்படியாகவே இருந்தது. இன்ஷூரன்ஸ் காலாவதியாகிவிட்டதாம், புதிதாக தேர்டு பார்ட்டி பாலிசி (மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்பை மட்டும் ஈடுகட்டுவது, நம் வண்டியின் சேதத்தை அல்ல) அவரே போட்டுக் கொடுத்தார்.

கோடைக்காலம் முழுக்க வண்டி ஒழுங்காக ஓடியது. மழைக்காலம் தொடங்கியதும் கண்ணாடி தானாக இறங்கியது, சென்ட்ரல் லாக் நினைத்தபோது வேலை செய்தது, ஒரு நாள் ராத்திரி ஹாரன் நிற்கவே இல்லை. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். பசை போட்டு ஒட்டியிருந்த தடிமனான 7டி மேட்டைப் பிய்த்து, கார்பெட்டைத் தூக்கி, அடியிலிருந்த ஃபோமைக் கையால் அழுத்தினார். சேற்றுத் தண்ணீர் கசிந்தது. “அண்ணா, இது தண்ணில நின்ன வண்டிங்க” என்றார். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த கனெக்டர்களில் செம்பு பச்சை பூத்திருந்தது. இருக்கைகளின் தண்டவாளத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துத் துருவை மறைத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஏர்பேக். சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். என் வண்டியில் அது எரியவே இல்லை. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் நடுவில், தரையை ஒட்டி இருப்பது. தண்ணீரில் அது செத்துப்போனதால் விளக்கு அணையாமல் எரிந்திருக்கும், அதனால் விளக்கையே எரியவிடாமல் செய்துவிட்டார்கள். அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய் வந்திருக்கிறோம்.

சேஸிஸ் நம்பரைக் கொண்டு பழைய சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். 2023 டிசம்பரில் ரெக்கவரி வண்டியில் வந்திருக்கிறது. எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள், வேலை செய்யவில்லை. பழுதுச் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கிடும். உரிமையாளருக்குப் பணம் போய்விடும், வண்டி சால்வேஜ் ஏலத்துக்கு, அதாவது சேதமான வண்டிகளை விற்கும் ஏலத்துக்கு வரும். ஆர்.சி. ரத்தாகாவிட்டால் அதைக் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்க யாரும் தடுப்பதில்லை. 550 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று விளம்பரம் செய்த கார் இது. கடப்பது வேறு, மூழ்கி நிற்பது வேறு.

கடைக்காரரிடம் போனால், “சார், விபத்து இல்லைன்னுதானே எழுதிக் கொடுத்தோம், வெள்ளத்தைப் பத்தி நீங்க கேக்கலையே” என்கிறார். வாரன்டியில் எலக்ட்ரிக்கல் சேராதாம்.

ஆகவே, எந்தக் கடையானாலும் முந்தைய 2 வருடப் பாலிசிகளைக் கேளுங்கள். பழைய வண்டிக்கு 35, 45 சதவீதம் என்று ஏறியிருக்க வேண்டிய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமானாலோ, முழுப் பாலிசி தேர்டு பார்ட்டியாக மாறியிருந்தாலோ, என்ன கிளெய்ம் என்று சொல்லாமல் பேச்சையே தொடராதீர்கள். ‘பாலிசி தொலைந்துவிட்டது’ என்றால் கிளம்பிவிடுங்கள். எல்லோரும் ஸ்பேர் வீல் குழியில் சேறு பார்க்கச் சொல்வார்கள், எக்கோஸ்போர்ட்டில் அது பலிக்காது, ஸ்பேர் பின்கதவில் தொங்குகிறது. பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். என் வண்டியில் முன் பெல்ட்டுகளைச் சுத்தம் செய்தவர்கள் பின்னால் இருந்ததை மறந்துவிட்டார்கள், சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. மேட்டைத் தூக்கவிடாத கடையில் வாங்காதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தில் ‘வெள்ளத்தில் மூழ்கவில்லை, முழு இழப்பு கிளெய்ம் ஆகவில்லை’ என்ற வரியைக் கையால் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற முகமே பதில் சொல்லிவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலும் போடலாம். நோட்டீஸ் போனதும் கடையிலிருந்து போன் வந்தது. வண்டியை 3 லட்சத்துக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு, மேலே பணம் கட்டினால் வேறு வண்டி தருகிறார்களாம். அந்த வேறு வண்டியின் பழைய பாலிசியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.