வீடு மாற்றித் தரும் சேவை: தூக்குவதில் கெட்டி, பொறுப்பேற்பதில் நழுவல்

வீட்டுச் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி வைத்துத் தரும் சேவையைப் பணம் கொடுத்து வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் முழுதாக வாங்க வேண்டாம். இந்த நிறுவனங்கள் இரண்டு சரக்கை ஒன்றாகச் சேர்த்து விற்கின்றன. ஒன்று உழைப்பு: ஆள், லாரி, அட்டைப்பெட்டி, கயிறு. இன்னொன்று பொறுப்பு: எடுத்த சாமான் எடுத்தபடியே போய்ச் சேரும் என்ற உறுதி. முதலாவது பெரும்பாலும் நன்றாகவே கிடைக்கிறது. இரண்டாவதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குகிறார்கள். ஆனால் அது எழுத்தில் இருக்கும் அளவுக்கு மட்டுமே கைக்கு வரும்.

ஒரு நிறுவனத்தை எடைபோட லாரியைப் பார்க்க வேண்டியதில்லை. சாமான்களைக் கணக்கெடுக்க வருபவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். ‘எத்தனை பெட்ரூம்?’ என்று போனில் கேட்டு அந்த நிமிடமே தொகை சொல்லும் இடத்தைத் தள்ளிவிடலாம். பரணைத் திறந்து பார்க்கிறாரா, கட்டிலுக்கு அடியில் குனிகிறாரா, பால்கனித் தொட்டிகளை எண்ணுகிறாரா, மாடிப்படித் திருப்பத்தில் டேப் வைத்து அளக்கிறாரா, லாரி வாசல்வரை வருமா என்று கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள். கட்டணத்தின் அடிப்படை பெரும்பாலும் கன அளவுதான். 1 கன மீட்டர் சுமார் 35 கன அடி. 10 கன மீட்டர் என்று குறித்துக்கொண்டு போன சாமான் கட்டி முடித்ததும் 13 ஆகிவிட்டால் லாரியில் இடம் பற்றாது. பாதிச் சாமான் வாசலில் கிடக்கும் அந்த நேரத்தில் கூடுதல் தொகைக்கான பேச்சு ஆரம்பிக்கும். அன்றைக்கே வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டியவர் என்ன பேரம் பேச முடியும்? ஆகவே கொட்டேஷனில் சாமான் பட்டியல், கன அளவு, இந்தப் பட்டியலுக்கு இதுவே இறுதித் தொகை என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும். மாடி ஏற்றும் கூலி, லாரி தள்ளி நின்றால் சுமைகூலி, காத்திருப்புக் கட்டணம், கட்டில் பீரோவைக் கழற்றி மாட்டும் கூலி ஆகியவை அதில் அடக்கமா என்பதையும் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன ‘எல்லாம் சேர்த்துத்தான்’ ஏற்றும் நாளில் நினைவில் இருக்காது.

விலை சொல்பவர் ஒருவர், வருகிற ஆட்கள் வேறொருவருடையவர்கள் என்பது இந்தத் தொழிலில் சகஜம். இணையதளம் நடத்தும் இடைத்தரகர் ஆர்டரைப் பிடித்து, கமிஷனைக் கழித்துக்கொண்டு, லாரிக்காரருக்கு மாற்றிவிடுவார். அதில் தவறில்லை. ஆனால் ரசீது யார் பெயரில், காப்பீடு யார் பெயரில், லாரி யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில் வராவிட்டால், சாமான் உடையும்போது ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

கட்டும் வேலையில் தேர்ந்த ஆட்களின் கைவேகத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். படுத்த தட்டின்மேல் மேலிருக்கும் எடை முழுவதும் இறங்கும், லாரி ஒவ்வொரு குழியில் விழும்போதும் அடித்தட்டுதான் விரிசல் விடும். விளிம்பில் நிற்கும் தட்டு அந்த அதிர்வைத் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் காகிதம், பெட்டியின் அடியில் கசக்கிய காகித மெத்தை, மேலே இன்னொன்று. பெட்டியை மூடி லேசாக ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. சமையலறைக்கு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி வேண்டும், துணிக்கு மூன்றடுக்கு போதும். டேப் 48 மி.மீ. அகலத்தில், நடுமடிப்பில் ஒன்றும் இரு ஓரங்களில் ஒவ்வொன்றுமாக ஒட்டினால்தான் அடி பிளக்காது. புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டிதான் சரி. பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் 40 கிலோவைத் தாண்டும், தூக்கும்போது அடி கழன்றுவிடும். அதில் மனிதர்களின் முதுகும் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையிலும் ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோ. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் தந்த பரிந்துரையின்படி ஒரு வயதுவந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது. ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி நான்கு மாடி இறங்குவதைத் திறமை என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்களைக் குறைத்து விலையைக் குறைப்பவர்களும் இவர்களே.

மர நாற்காலி, மேசைகளுக்கு நேரடியாக பபிள் ரேப் சுற்றுவது பரவலான தவறு. சூட்டில் ஈரம் உள்ளே தங்கி, பாலிஷ்மேல் வட்ட வட்டமாகக் குமிழ்த் தடம் பதிந்துவிடும். முதலில் காகிதமோ போர்வையோ, அதன்மேல் பபிள் ரேப், அதன்மேல் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம். டேப் மரத்தின்மேல் படவே கூடாது.

அதிகப் பணம் நஷ்டமாகும் இடம் வாஷிங் மெஷின்தான். முன்பக்கக் கதவு மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே ஷாக் அப்சார்பர் தாங்குகிறது. புதிதாக வரும்போது பின்புறம் மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்கள் அந்த டிரம்மை அசையாமல் பிடித்திருக்கும். மாட்டித் தந்தவர் அவற்றைக் கழற்றி, துளைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார். திரும்ப வீடு மாறும்போது அதே போல்ட்களை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் ஏற்றினால் வழி முழுக்க டிரம் ஆடி, ஸ்பிரிங் கழன்று, பேரிங் தேய்ந்துபோகும். வெளியே ஒரு கீறலும் இருக்காது, அதனால் இழப்பீடும் கிடைக்காது. போல்ட் தொலைந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிப் புதிது வாங்கிக்கொள்ளலாம். கழற்றும் முறை இது: குழாயை மூடுங்கள், மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயைக் கழற்றுங்கள், முன்பக்கம் கீழே உள்ள ஃபில்டர் மூடிக்கடியில் தட்டம் வைத்து மெதுவாகத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள், வெளியேற்றும் குழாயைத் தரையளவுக்குத் தாழ்த்துங்கள், பிறகு போல்ட்களை மாட்டி ஸ்பேனரால் இறுக்குங்கள். புது வீட்டில் ஓட்டும் முன் எல்லா போல்ட்களையும் கழற்ற மறந்தால், சுழலும்போது மெஷின் தரையில் துள்ளிக்கொண்டு போகும். ‘எங்கள் ஆளே பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லும் நிறுவனத்திடம் ‘போல்ட் கொண்டுவருவாரா?’ என்று கேளுங்கள். பதிலிலேயே அவர்களின் தரம் தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருகவிட்டு, பின்னால் கம்ப்ரசருக்கு மேலுள்ள தண்ணீர்த் தட்டைக் காலி செய்ய வேண்டும். கண்ணாடித் தட்டுகளை எடுத்துத் தனியாகக் கட்ட வேண்டும். நிறுத்தியபடியே கொண்டுபோவதுதான் சரி. படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குளிர்வாயுக் குழாய்க்குள் ஏறிவிடும். அப்படிப் படுத்துவந்த ஃப்ரிட்ஜை ஒரு நாள் நிறுத்தி வைத்த பிறகே ஆன் செய்யுங்கள். நின்றபடி வந்ததற்குச் சில மணி நேரம் போதும். டிவியும் அப்படியே, எப்போதும் செங்குத்தாக, இருவர் பிடித்து. மெலிந்த திரை படுத்தால் தன் எடையிலேயே வளையும்.

கழற்றி மாட்டுவதில் நிறுவனங்களைக் குறை சொல்லி முழுப் பயனில்லை, குறை பல நேரம் சாமானிலேயே இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு பீரோவில் ஸ்க்ரூ ஒருமுறை பிடித்த துளை மறுமுறை அதே பிடிப்பைத் தராது. இரண்டாம் மாற்றத்தில் கீல் ஆடும், மூன்றாவதில் பலகையின் ஓரம் உதிரும். துளையில் மரப்பசையோடு மரக்குச்சியைச் செருகி, காய்ந்தபின் ஸ்க்ரூவை முடுக்கினால் கொஞ்சகாலம் தாங்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, அடிக்கடி மாறுவதானால், ப்ளைவுட்டோ இரும்போ கடைசியில் மலிவு. கழற்றிய ஸ்க்ரூக்களை அந்தந்தச் சாமானின் பெயரெழுதிய பையில் போட்டு, அதன் பலகையிலேயே கட்டச் சொல்லுங்கள். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே டப்பாவில் கொட்டுபவர்களிடம் மறுபடி மாட்டும் வேலை பாதியில் நிற்கும்.

இனி பொறுப்பு. கொட்டேஷனில் ‘காப்பீடு உண்டு’ என்றிருக்கும். அது விபத்தில் லாரியே கவிழ்ந்தால் மட்டும் தரும் காப்பீடா, ஏற்றி இறக்கும்போது உடைவதற்கும் தருவதா என்று கேட்டுப் பாலிசி நகலை வாங்குங்கள். சாமான் மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் முகவரை நம்ப வேண்டாம். 10 லட்சம் பெறும் சாமானை 5 லட்சம் என்று காட்டியிருந்து, 2 லட்சத்துக்கு உடைந்தால், மதிப்பைக் குறைத்துக் காட்டிய அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விதி உள்ள பாலிசியில் கிடைப்பது 1 லட்சம்தான், அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை போக. உரிமையாளரே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்குப் பல பாலிசிகள் தருவதில்லை. வெளிக்காயமில்லாமல் பழுதாகும் மின்சாதனங்களுக்கும் அப்படியே. இதனால்தான் முழு சேவை வேண்டாம் என்கிறேன். உடையாத துணி, புத்தகம், பாத்திரம் ஆகியவற்றை நீங்களே கட்டுங்கள். கண்ணாடி, பீங்கான், மின்சாதனம், மரச்சாமான் எல்லாம் அவர்கள் கையாலேயே கட்டப்பட வேண்டும். பில்லும் இறங்கும், பொறுப்பும் சரியான இடத்தில் நிற்கும். நகை, பத்திரங்கள், பவர் பேங்க் ஆகியவை உங்கள் பையிலேயே வரட்டும். தின்னர், ஸ்ப்ரே, கேஸ் சிலிண்டர் ஆகியவற்றை லாரியில் ஏற்றக் கூடாது.

விலை ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்ற கேள்விக்குப் பின்னால் பொருளாதாரம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தங்கள் மாத முடிவில் முடிவதால் கடைசி, முதல் நாட்களில் எல்லாருக்கும் ஒரே லாரி வேண்டும். மாத நடுவில், வார நாளில் அதே ஆட்கள் குறைந்த விலைக்கு வருவார்கள், அவசரமும் இருக்காது. ஒரு ஊரை விட்டு வெளியேறுபவர்கள் அதிகமானால் லாரி அந்த ஊருக்குக் காலியாகத் திரும்ப வேண்டும், அந்த டீசலும் போகிறவர் தலையில்தான் விழும். எதிர்த்திசையில் போகிறவருக்கு அதே தூரம் மலிவு. கடல் கடந்து போகும் சாமானுக்கு 20 அடி கண்டெய்னர் சுமார் 33 கன மீட்டர் கொள்ளும். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்ததும், 2023 இறுதியிலிருந்து செங்கடலைத் தவிர்த்துக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதும் யாரோ ஒருவரின் கட்டிலையும் மெத்தையையும் தாமதப்படுத்தின. ஆகவே ‘கப்பல் கட்டணம் மாறுதலுக்குட்பட்டது’ என்ற வரி இருந்தால், எந்தத் தேதிவரை மாறாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அரசியலும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. வீடு வாங்கும்போது பதிவுக் கட்டணமும் வரியும் ஏறினால், வேலைக்கு அருகில் மாற நினைப்பவர்கூட இருந்த இடத்திலேயே தங்கி, தினமும் பயணத்தில் நேரத்தைச் செலவிடுகிறார். வட்டி ஏறினால் பழைய குறைந்த வட்டிக் கடனை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. வாடகைதாரருக்கோ இந்தச் சுதந்திரமும் இல்லை. உரிமையாளர் வாடகையைக் கூட்டினால் மாறத்தான் வேண்டும், லாரி, தரகு, முன்பணம் எல்லாம் ஒரே மாதத்தில் கேட்கும், பழைய முன்பணமோ திரும்பிவரக் காலம் எடுக்கும். மாறும் செலவு வாடகை உயர்வைவிடப் பெரிது என்று உரிமையாளருக்கும் தெரியும். எழுத்தில் உள்ள காலக்கெடுவும் முன்பணம் திரும்பும் விதியும் கண்டிப்பாக அமலானால்தான் வாடகைதாரர் அவசரப்பட்டுக் கிடைத்த லாரியைப் பிடிக்காமல் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

பலருடைய சாமானை ஒன்றாக ஏற்றும் பகிர்வு லாரி விலையில் கவரும். சாமான் குறைவாக இருந்து, தேதியில் இளக்கமும் இருந்தால் எடுக்கலாம். ஆனால் இடையில் கிடங்கில் இறக்கி ஏற்றுவார்கள், ஒவ்வொரு கைமாற்றிலும் உடைய வாய்ப்பு உண்டு. அப்படியானால் பெட்டி ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், அறையின் பெயர் எழுதி, பட்டியலின் ஒரு நகலை நீங்கள் வைத்திருங்கள்.

இறக்கும் நாளில் ஆட்கள் களைத்து, ‘கையெழுத்துப் போடுங்கள்’ என்று நீட்டும் தாளில் எல்லாம் நல்ல நிலையில் வந்தது என்ற வரி அச்சிட்டிருக்கும். எண்ணிக்கை சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். திறக்காத பெட்டிகளுக்கு ‘எண்ணிக்கை மட்டும் சரி, உள்ளடக்கம் பார்க்கவில்லை’ என்று கையால் எழுதுங்கள். கீறலும் உடைவும் தெரிந்தால் அங்கேயே படமெடுத்து அந்தத் தாளிலேயே குறியுங்கள். இழப்பீடு கோர பாலிசியில் உள்ள கெடு சில நாட்கள்தான், அதற்குள் எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிட வேண்டும். உடைந்ததையும் அதைச் சுற்றியிருந்த அட்டைப்பெட்டியையும் காப்பீட்டு மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். பாக்கித் தொகையில் ஒரு பங்கை இந்தச் சோதனை முடிந்தபின் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் நிறுவனம் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.