‘தவணையை நிறுத்துங்க, நாங்க பார்த்துக்கறோம்’: பிள்ளையைப் படிக்கவைக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

“இந்த மாசத்துலேருந்து இஎம்ஐ கட்டாதீங்க சார். பேங்க் பேசினா எங்க நம்பரைக் கொடுத்துடுங்க. மீதியை எங்க லீகல் டீம் பார்த்துக்கும்.”

கடனைப் பாதிக்கு முடித்துத் தருவதாகச் சொல்லும் செட்டில்மென்ட் ஏஜென்சிகளின் பேச்சில் இந்த மூன்று வரியும் ஏதோ ஒரு வடிவத்தில் வந்தே தீரும். வீட்டில் ஒரு பிள்ளை காலேஜில் படித்துக்கொண்டிருந்தால், அதற்குமேல் கேட்க வேண்டாம், போனை வைத்துவிடுங்கள். கடன் குறைகிறதோ இல்லையோ, பிள்ளைக்கு அடுத்த வருஷ ஃபீஸ் கட்டும் வழி அடைபட்டுப்போகிறது. ஏமாந்தவர்களில் பலருக்கு இது தெரியவருவதே எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில்தான். அதற்குள் கைப்பணமும் போயிருக்கும்.

அழைப்பு வருவது பெரும்பாலும் ஃபீஸ் கட்டும் மாதத்தையொட்டி. ஃபீஸுக்காகப் புதுக் கடன் தேடி இணையத்தில் எங்கேயாவது படிவம் நிரப்பியிருந்தால், அந்த போன் நம்பர் பல கை மாறும். பேசுகிறவர் உங்கள் கஷ்டத்தை உங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். மனசு இளகுவது அங்கேதான்.

பேச்சு போகட்டும், கணக்கைப் பார்ப்போம். மாதிரிக்கு ஒரு குடும்பம்: கிரெடிட் கார்டில் நிலுவை 1,00,000, மாதம் 3.5 சதவீத வட்டி. பர்சனல் லோனில் மீதி 3,00,000, வருடத்துக்கு 16 சதவீதம், இன்னும் 36 தவணை. லோன் தவணை ஏறத்தாழ 10,550. கார்டில் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் 5,000. ஆக மாதம் 15,550 போகிறது. ஏஜென்சி சொல்வது: “இரண்டையும் நிறுத்துங்கள். எங்களிடம் மாதம் 9,000 வீதம் 24 மாதம் கட்டுங்கள், கதை முடிந்தது.” 24 மாதத்துக்கு 2,16,000. நாலு லட்சம் கடன் இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் முடிகிறதே என்று தோன்றும்.

ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: சேவைக் கட்டணம், ‘பதிவு செய்த மொத்தக் கடனில்’ 15 சதவீதம். மிச்சமான தொகையில் இல்லை, மொத்தக் கடனில். அதாவது 60,000. அதை எப்போது எடுப்பார்கள் என்பதும் அதே வரியில் இருக்கும்: முதல் தவணைகளிலிருந்து. ‘முன்பணம் கிடையாது’ என்று போனில் சொன்னது பொய் இல்லைதான். ஏறத்தாழ முதல் ஆறேமுக்கால் மாதத் தவணைதான் முன்பணம்.

ஏழாவது மாத முடிவில் குடும்பம் 63,000 கட்டியிருக்கும். அதில் கடனைத் தீர்க்க ஒதுங்கியிருப்பது 3,000. அந்த ஏழு மாதமும் வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருந்திருக்கும். 1,00,000 கார்டு நிலுவை 1,27,000 தாண்டியிருக்கும்; 3,00,000 லோன் 3,29,000 ஆகியிருக்கும். தாமதக் கட்டணமும் அபராதமும் சேர்க்காமலே 4,56,000. இருபத்துநான்கு மாதமும் ஒழுங்காகக் கட்டி முடித்தாலும் கட்டணம் போகக் கையில் சேர்வது 1,56,000. முதலில் இருந்த கடனைப் பாதிக்கு முடிக்கவே 2,00,000 வேண்டும். அதற்குள் ஏட்டில் கடன் 6,40,000-க்கு வந்து நிற்கும். இந்தத் திட்டம் நடுவில் முறிவதில்லை, ஆரம்பத்திலேயே முறிந்த கணக்கு இது.

பாதிக்கு ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் கடன் கொடுத்தவர் விருப்பம். எந்த ஏஜென்சியும் அதை வாக்காகத் தர முடியாது. ஒத்துக்கொண்டாலும் ஒரே தொகையாகவோ இரண்டு மூன்று தவணையிலோ கேட்பார்கள். கையில் 3,000 வைத்துக்கொண்டு யாரிடம் பேரம் பேசுவது?

இனி பிள்ளை விஷயம். கல்விக் கடனில் பல இடங்களில் தாயோ தகப்பனோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைக்கு வருமானம் இல்லை என்பதால் வங்கி பார்ப்பது பெற்றோரின் கடன் வரலாற்றைத்தான். தவணை நின்ற மாதத்திலிருந்தே தாமத நாட்கள் அவர்களின் கடன் அறிக்கையில் 30, 60, 90 என்று ஏறத் தொடங்கும். இந்தியாவில் 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். இரண்டாம் வருஷத்துக்கோ மேற்படிப்புக்கோ புதிதாகக் கடன் கேட்டால் விண்ணப்பம் திரும்பிவரும். செட்டில்மென்ட் நடந்தே முடிந்தாலும் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றுதான் விழும், ‘குளோஸ்டு’ என்று விழாது. முழுதாகக் கட்டவில்லை என்பதே அதற்கு அர்த்தம். செட்டில் செய்த வங்கி அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் விதியே போட்டிருக்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் இந்த 12 மாதக் கணக்கு பொருந்தாது. நான்கு வருஷப் படிப்பில் இந்த 12 மாதம் எங்கே வந்து விழும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். கடன் வாங்கிய வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், நின்றுபோன தவணையை அந்தக் கணக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும் உரிமை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஃபீஸுக்கென்று சேர்த்த பணம் கட்ட வேண்டிய நாளன்று கணக்கில் இருக்காது. ஃபீஸ் பணத்தைக் கடன் இல்லாத வேறொரு வங்கியில் வைப்பதுதான் சரி. தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

கையெழுத்து வாங்கும் காகிதங்களில் கண் வைக்க வேண்டியது அதிகாரக் கடிதம். ‘இனி எல்லாத் தொடர்பும் எங்கள் வழியாக’ என்று எழுதி, வங்கிப் பதிவில் உங்கள் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் மாற்றச் சொல்வார்கள். தொல்லை போன் நிற்கும், உண்மைதான். அதோடு சட்ட நோட்டீஸும் மத்தியஸ்த நோட்டீஸும் உங்களிடம் வராமல் நின்றுவிடும். பதில் போகாத வழக்கில் ஒருதலைத் தீர்ப்புதான் வரும். சம்பளத்தில் கை வைக்கும்போதுதான் வழக்கு ஒன்று இருந்ததே தெரியும். அந்தத் தொல்லை போனுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி ஏற்கனவே சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் எதுவும் இல்லை. இலவசமாகக் கிடைப்பதைத்தான் ‘ஹராஸ்மென்ட் புரொடெக்‌ஷன்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

சில ஏஜென்சிகள் இன்னும் ஒரு படி கீழே இறங்கும். “உங்க ஸ்கோர் போயிடுச்சு, பையன் பேரில் ஒரு சின்ன லோன் எடுத்து இதை அடைச்சுடலாம். அவருக்கு 18 முடிஞ்சுதே?” வருமானமே இல்லாத பிள்ளையின் முதல் கடன் வரலாறு இப்படித் தொடங்கினால், நாளை வேலைக்குப் போய் வீட்டுக்கடன் கேட்கும்போதும் அது பின்னாலேயே வரும். பிள்ளையின் அடையாள அட்டை நகல், செல்ஃபி, ஓடிபி இவற்றை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ‘வெரிஃபிகேஷனுக்குத்தான்’ என்று கேட்டு வாங்கிய அதே காகிதங்களில் செயலி வழியாக வேறு கடன் எடுக்க முடியும்.

போலிச் செட்டில்மென்ட் கடிதமும் உண்டு. வங்கிச் சின்னம் இருக்கும், கையெழுத்தும் இருக்கும், கீழே பணம் செலுத்த ஒரு கியூஆர் கோடு. அதுவே போலிக்கு அடையாளம். உண்மையான கடிதத்தில் கடன் கணக்கு எண், ஒத்துக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, மீதியைத் தள்ளுபடி செய்து இனி உரிமை கோரமாட்டோம் என்ற வரி, இந்த நான்கும் இருக்கும். பணமும் உங்கள் கடன் கணக்குக்கே போகும். தனிநபர் கணக்குக்கோ ஏஜென்சி கணக்குக்கோ ஒரு பைசா போகக்கூடாது. கடிதத்தில் அச்சான நம்பருக்குக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது வீண்; எடுப்பவரும் அவர்கள் ஆளாகவே இருப்பார். வங்கியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கிளைக்கே நேரில் போங்கள்.

ஏஜென்சி நல்லதா கெட்டதா என்று எடைபோட ஒரே கேள்வி போதும்: எப்போது காசு வாங்குகிறாய்? அமெரிக்காவில் போன் வழியாக இந்தச் சேவையை விற்பவர்கள், ஒரு கடனாவது தீர்ந்து, வாடிக்கையாளர் அதை ஒத்துக்கொண்டு, அந்த ஏற்பாட்டின்படி ஒரு தவணையாவது கட்டிய பிறகே கட்டணம் வாங்க வேண்டும் என்று 2010-இல் விதி வந்தது. எந்த ஊரில் இருந்தாலும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். தீர்த்துவைக்கும் முன் காசு கேட்டால் ஆள் வேண்டாம்.

சரி, 15,550 கட்ட முடியவில்லை, ஃபீஸும் வருகிறது, என்னதான் செய்வது? ஏஜென்சி செய்வதாகச் சொல்லும் பேச்சுவார்த்தையை நீங்களே செய்யலாம். ஆனால் முதல் தவணை தவறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். தவறிய பிறகு பேசினால் அதே வங்கியில் வேறு மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள்; அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கேட்க வேண்டியவை மூன்று: லோன் காலத்தை நீட்ட முடியுமா, கார்டு நிலுவையைத் தவணைக் கடனாக மாற்ற முடியுமா, தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பின்னால் தள்ள முடியுமா. மேலே சொன்ன குடும்பத்துக்கே போட்டுப் பார்ப்போம். லோனை 36-லிருந்து 60 மாதமாக்கினால் தவணை 7,300 அளவுக்கு இறங்கும். கார்டு நிலுவையை 18 சதவீதத்தில் 36 மாதத் தவணையாக்கினால் 3,615. மொத்தம் 10,900 சொச்சம்; மாதம் 4,600 மிச்சம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 27,000 ஃபீஸ் என்றால் மாதக் கணக்கில் 4,500. ஃபீஸ் அதிலேயே அடங்குகிறது.

இது சும்மா கிடைப்பதில்லை. லோன் நீண்டதில் கூடுதல் வட்டி சுமார் 58,000. ஏஜென்சி கட்டணமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வரலாறு கெடவில்லை, வழக்கு இல்லை, மூன்றாவது வருஷம் கல்விக் கடன் கேட்டாலும் கதவு திறந்திருக்கும். படிப்பு முடிந்து கையில் கொஞ்சம் பணம் மிஞ்சும்போது அசலில் கூடுதலாகக் கட்டி அந்த வட்டியில் பாதியையாவது மீட்கலாம். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பதை நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

போனில் ‘சரி சார், போட்டுடறோம்’ என்று சொன்னதை நம்பிவிட வேண்டாம். புதுத் தவணை, புதுத் தேதி, புது அட்டவணை மூன்றும் மின்னஞ்சலில் வரும் வரை பழைய தவணைதான் கணக்கு. வாய்ச்சொல்லை நம்பிக் குறைத்துக் கட்டி, அது தவறிய தவணையாகப் பதிவாகிப்போவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு. குறைத்துக் கட்டும் பணம் பல ஒப்பந்தங்களில் முதலில் கட்டணத்துக்கும் வட்டிக்கும் போய், மிஞ்சினால்தான் அசலுக்கு வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எது முதலில், எது பிறகு என்ற குழப்பம் வந்தால் வட்டியைப் பாருங்கள். மாதம் 3.5 சதவீதம் என்பது வருடத்துக்கு 42; கூட்டுவட்டியாகப் பார்த்தால் அதற்கும் மேல். கையில் கூடுதலாக 2,000 இருந்தால் கார்டுக்குத்தான் போக வேண்டும், கல்விக் கடன் வட்டிக்கு இல்லை. ஃபீஸைக் கார்டில் தேய்த்து, அந்தக் கார்டுக்கு இன்னொரு கார்டிலிருந்து கட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: வரிசை முக்கியம். முதலில் உங்கள் வங்கிக்குப் போய் ஏஜென்சிக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதியை ரத்து செய்யுங்கள். விலகல் கடிதத்தை முதலில் அனுப்பினால், அனுமதி ரத்தாவதற்குள் அடுத்த தவணையை எடுத்துவிடுவார்கள். பிறகு கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அதிகாரக் கடிதம் ரத்து என்று எழுதி, பழைய போன் நம்பரையும் முகவரியையும் மறுபடி பதிவு செய்யுங்கள். அதே கடிதத்தில் இன்றைய தேதி வரையான கணக்கு விவரமும், இதுவரை அனுப்பிய நோட்டீஸ்களின் நகலும் கேளுங்கள். நோட்டீஸில் விசாரணைத் தேதி இருந்தால் மற்ற எல்லாம் அப்புறம். அந்தத் தேதிக்கு வக்கீலோடு போய் நிற்க வேண்டும். ஏஜென்சியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதையும் எழுத்தில் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். கடைசியாக உங்கள் கடன் அறிக்கையையும், ஏதாவது காகிதம் கொடுத்திருந்தால் பிள்ளையின் அறிக்கையையும் இறக்கிப் பாருங்கள். இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருந்தால் அன்றைக்கே அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்ததாகப் பதிவாகியிருப்பவரிடமும் மறுப்பைப் பதிவு செய்து, காவல்துறையில் கொடுத்த புகாரின் நகலையும் இணைத்துவிடுங்கள்.