அமேசான் எஸ்3: கொலுசுக் கடையின் டிசைன் படங்களுக்கு ஒத்துவருமா?

டிசைன் படங்களை வாட்ஸ்அப்பில் தேடி அலுத்துப்போன சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகளுக்கு, ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் அமேசான் எஸ்3 சேவையைத் தாராளமாகச் சொல்லலாம். படங்கள் எந்த ஊர் சர்வரில் இருக்க வேண்டும் என்பதற்கு மும்பை ரீஜனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயர் வைப்பதில் இது ரொம்பக் கறார். முதல் நாளே யோசிக்காவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஃபைல்களைப் போட்டுவைக்கும் தொட்டிக்குப் பக்கெட் என்று பெயர். பக்கெட் பெயர் 3 முதல் 63 எழுத்து. ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், ஹைபன், புள்ளி மட்டும், தமிழ் ஏறாது. பொதுவான பெயர்களை வேறு யாராவது ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், ஆகவே கடைப் பெயரோடு ஊரையும் சேருங்கள். புள்ளி வேண்டவே வேண்டாம்: பக்கெட் பெயர் இணைய முகவரியின் முன்பகுதியாக வருவதால், புள்ளி இருந்தால் பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் பொருந்தாமல் பிரவுசர் எச்சரிக்கும். வைத்த பெயரை மாற்றவும் முடியாது.

உள்ளே போகும் ஃபைலின் பெயர், அதாவது கீ, 1,024 பைட் வரை போகலாம். இங்கே தமிழ் ஏறும், சிக்கலும் கூடவே ஏறும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'சேலம்' மட்டுமே 5 குறி (ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி), 15 பைட், லிங்க்கில் அது சதவீதக் குறிகளோடு 45 எழுத்தாக நீளும். அதைவிட மோசம் 'கொ'. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இதை எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எஸ்3 பார்ப்பது பைட்டை. ஆக 'கொலுசு' என்ற பெயரிலேயே இரண்டு ஃபைல் உட்கார்ந்துவிடும், ஒன்றைக் கேட்டால் மற்றது வராது. படங்களை ஏற்றும் ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்), பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது 'கொ'-வை எப்போதும் ஒரே மாதிரி எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றும் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

பட்டியல் பார்க்கும் அனுமதி இல்லாத கணக்குக்கு, இல்லாத ஃபைலைக் கேட்டால் 404 ('கிடைக்கவில்லை') வராது, 403 ('அனுமதி இல்லை') வரும். அதை அனுமதிக் கோளாறு என்று நினைத்துப் பக்கெட்டை ஊருக்கே திறந்துவிடாதீர்கள். முதலில் பெயரைச் சரிபாருங்கள்.

சாதாரண பக்கெட்டில் ஃபோல்டர் என்று தெரிவது கீயில் உள்ள சாய்கோடு மட்டுமே. உள்ளே 5,000 படம் இருந்தால், ஃபோல்டர் பெயரை மாற்ற அத்தனையையும் நகலெடுத்து, பழையதை அழிக்க வேண்டும்; நகலெடுக்கக் காசு உண்டு. வரிசையும் பைட் கணக்குதான், 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். டிசைன் எண்ணை 0002, 0010 என்றே போடுங்கள். எடை, பார்ட்டி பெயர் போல மாறக்கூடியதைக் கீயில் திணிக்காமல், ஃபைலோடு ஒட்டும் குறிப்புச் சீட்டான டேக்கில் வையுங்கள். ஒரு ஃபைலுக்கு 10 டேக் வரை போடலாம், கீயைத் தொடாமலே மாற்றிக்கொள்ளலாம்.