அறுபதுகளின் ஹோபி லாங்போர்டு: அடையாளம், விலை, விற்பனை

கடலலையில் சறுக்கிப் போகும் சர்ஃப் பலகைகளில் பழையதைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் அதிகம் கைமாறும் பெயர்களில் ஒன்று ஹோபி. ஹோபி ஆல்ட்டர் கலிஃபோர்னியாவின் டேனா பாயின்ட்டில் 1954-இல் கடை போட்டார். 1958 வாக்கில் அவரும் அவரிடம் வேலைபார்த்த கோர்டன் கிளார்க்கும் பால்சா மரத்தை விட்டுவிட்டு பாலியூரித்தேன் ஃபோமுக்கு மாறினார்கள். அதன்பின் பலகைகள் வேகமாகவும் நிறையவும் வெளிவந்தன. பின்னால் 'ஹோபி கேட்' பாய்மரப் படகைச் செய்தவரும் இவர்தான். அந்த 'கேட்' பூனையல்ல, நம் கட்டுமரம்.

நிறைய செய்தார்கள் என்பதுதான் இந்தப் பலகையின் பலமும் பலவீனமும். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை, கேட்டு வருபவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஹோபி முத்திரை இருப்பதாலேயே யாரும் கொட்டிக்கொடுக்க மாட்டார்கள். விலையை நிர்ணயிப்பது அதில் எவ்வளவு அசல் மிச்சமிருக்கிறது என்பதே.

முதலில், ஓட்டிப் பார்க்க எப்படி? லாங்போர்டு என்றால் நீளப் பலகை: ஒன்பதரை அடி நீளம், 13 முதல் 15 கிலோ எடை, வாலின் கடைசியில் அடிப்புறம் மீன் துடுப்புபோல் நிற்கும் ஒரே ஒரு பெரிய ஃபின், மேலும் கீழும் சமமாக உருண்ட ஓரங்கள். இடுப்பளவு உயரத்தில் மெதுவாகப் புரளும் அலையில் இது வழுக்கிப் போகும் சுகத்தை எடை குறைந்த புதுப் பலகைகள் தருவதில்லை. செங்குத்தாக மடியும் அலையிலோ முனை குத்திக்கொள்ளும், திருப்பவும் நேரமாகும். பலகையைக் காலோடு கட்டும் லீஷ் கயிறும் கிடையாது. கூட்டமான கடற்கரையில் நழுவவிட்டால் அடுத்தவர் மண்டைக்கு ஆபத்து.

அடையாளம் காணும்போது வைர வடிவ முத்திரையிலிருந்து தொடங்குங்கள். அசலில் அது மெல்லிய காகிதத்தில் அச்சாகி, ஃபோமின் மேல் போர்த்திய ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) துணிக்கு அடியில், அதை ஒட்டி இறுக்கும் ரெசின் பசைக்குள் புதைந்திருக்கும். நகத்தால் குறுக்கே வருடினால் எதுவும் தடுக்கக் கூடாது. தடுத்தால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர். ஆனால் புதைந்த முத்திரை இருப்பதாலேயே அசல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மறுபடி கண்ணாடியிழை போர்த்தும்போது புது முத்திரையையும் உள்ளே வைத்துவிடலாம். ஹோபி நிறுவனமே பழைய மாடல்களைத் திரும்பச் செய்து விற்பதும் உண்டு.

அதனால் அடுத்து ஓரங்களைப் பாருங்கள். அந்தக் காலத்தில் வோலான் என்ற கனத்த துணியைப் போர்த்தினார்கள். மேல்துணியும் கீழ்த்துணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரப்பட்டையில், ஜன்னல் கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் லேசான பச்சை தெரியும். நடுவில் ஓடும் மரச்சட்டமான ஸ்ட்ரிங்கரை ஒட்டி, வால் பக்கம் பென்சிலில் எண் எழுதியிருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். லீஷ் மாட்டும் குழி இருந்தால் அது எழுபதுகளிலோ அதற்குப் பிறகோ துளைத்தது, அல்லது பலகையே பிந்தையது. நெய்த துணிக்குப் பதில் நார்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் அது அச்சில் வார்த்த 'பாப்-அவுட்' பலகை. கைவேலைப் பலகைக்குக் கிடைக்கும் விலையை அதற்கு எதிர்பார்க்க வேண்டாம்.

1967-68-இல் குட்டைப் பலகை மோகம் வந்தபோது, நீளப் பலகைகளின் கண்ணாடியிழையை உரித்து, உள்ளிருந்த ஃபோமைச் செதுக்கி ஆறேழு அடியாக்கியவர்கள் ஏராளம். அந்த வெட்டுக்குத் தப்பியவைதான் இன்று கைக்கு வருகின்றன.

விலையைக் கெடுப்பதில் முதலிடம் மாற்றிய ஃபினுக்கு. ஃபினின் அடியில் சுற்றியுள்ள ரெசின் பலகையின் மற்ற பகுதியைப்போல் தேன் நிறத்தில் பழுத்திருக்க வேண்டும். அங்கு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் யாரோ பின்னால் ஒட்டியது. லீஷ் கட்ட ஃபினில் போட்ட சின்ன ஓட்டை பல பலகைகளில் உண்டு, அதற்குப் பெரிதாகக் குறைக்க வேண்டியதில்லை. அடுத்தது மேல்தோல் உப்புவது. வெயிலில் நின்ற காருக்குள் கிடந்தால் ஃபோமில் உள்ள காற்று விரிந்து, துணியின் பிடி விட்டுப்போகும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பிடி விட்ட இடத்தில் ஓசை மாறும். அழுத்தினால் அப்பளம்போல் அமுங்கி எழும். மூன்றாவது தண்ணீர். விரிசலைச் சுற்றி ஃபோம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள், எடையும் போடுங்கள். இந்த நீளத்துக்கு 18 கிலோவைத் தாண்டினால் தண்ணீர் குடித்திருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். கார் டிங்கரிங் கடையில் போடும் பட்டியை அப்பி அடைத்த ஓட்டையும் மோசம்தான், பட்டியைப் பெயர்த்தால் ஃபோமும் சேர்ந்து வரும். மொத்தமாக மஞ்சளாகியிருப்பது மட்டும் குறையே இல்லை, அது வயசு.

விற்குமுன் பளபளப்பாக்க வேண்டாம். அலங்காரக் கோடுகள் கடைசி ரெசின் பூச்சுக்கு நேர் கீழே இருக்கின்றன. உப்புத்தாளை நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தால் கோடு போய்விடும், அசல் என்ற பெயரும் அதோடு போய்விடும். கால் வழுக்காமல் இருக்க மேலே தேய்த்த மெழுகை மட்டும் எடுத்தால் போதும். கால்மணி நேரம் இளவெயிலில் வைத்து, இளகியதும் பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, மிச்சத்தைப் பெயின்ட் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். அசிட்டோன் கூடாது, பூச்சு மங்கிவிடலாம். மெழுகு போனபிறகுதான் விரிசல்கள் எல்லாம் கண்ணில் படும்.

விலைக்கு விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை நம்பாமல், விற்று முடிந்த தொகையைத் தேடுங்கள். ரிப்பேர் பார்த்த சாதாரண ஹோபி சில நூறு டாலர். சுத்தமான அசல் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். 1963-இல் சர்ஃப் வீரர் ஃபில் எட்வர்ட்ஸ் பெயரில் வந்த மாடல் வேறு வரிசை: வீரர் பெயரில் பலகை விற்கும் வழக்கத்துக்கு முன்னோடி என்பதால், கெடாத அசலுக்குப் பல ஆயிரம் தரவும் ஆள் உண்டு. அப்படியொன்று கையில் இருந்தால்தான் ஏலம் பற்றி யோசிக்கலாம். சாதாரணப் பலகையை ஏலத்துக்கு அனுப்பினால் கமிஷனும் காத்திருப்பும்தான் மிச்சம்.

நேரில் வந்து எடுத்துப்போகும் ஆளுக்கு நூறு டாலர் குறைத்துக் கொடுத்தாலும் லாபமே. ஒன்பதரை அடி என்றால் 114 அங்குலம். அமெரிக்க பார்சல் நிறுவனமான யு.பி.எஸ்.ஸின் சாதாரண பார்சலுக்கு உச்சவரம்பு 108. ஆகவே லாரி சரக்காகத்தான் அனுப்ப முடியும். ஓரங்களுக்குக் குழாய் உறையாக விற்கும் ஃபோமை நீளவாக்கில் பிளந்து மாட்டி, முனைக்கும் வாலுக்கும் அட்டையை மடித்து மூன்று நான்கு அடுக்கு கட்டுங்கள். ஃபினின் இருபுறமும் அதைவிட உயரமான ஃபோம் கட்டைகள் வைத்தால் மேலே சரக்கு ஏறினாலும் எடை ஃபின்மேல் விழாது. மேல்புறம், கீழ்புறம், முத்திரை, ஃபின் அடி, ஒவ்வொரு ரிப்பேர் என்று படங்களைக் கட்டுவதற்கு முன்பே எடுத்து, எடை அளவுகளோடு வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் 'இந்த விரிசல் முன்பே இருந்ததா?' என்று கேள்வி வந்தால் காட்ட அவைதான் இருக்கும்.