ஒரு ஏர்கோனுக்கு ஒரு ராத்திரி: ஜார்ஜ் டவுன் விடுதியில் வேலைக்குப் பதில் படுக்கை

கையில் ஒரு தொழில் இருந்தால் இந்த விடுதிக்குத் தாராளமாகப் போகலாம். துடைப்பக்கட்டை பிடிக்க மட்டும்தான் தெரியும் என்றால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், எனக்குக் கிடைத்த ஒப்பந்தத்துக்கு நாலு, அங்கே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததற்கு இரண்டு. விடுதி என்னவோ ஒன்றுதான்.

குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பழைய கடைவீடு. கீழே வரவேற்பு மேசையும் ஒரு சின்னக் காப்பிக் கடையும், மேலே அடுக்குக் கட்டில் போட்ட பெரிய அறைகளும் நாலைந்து தனி அறைகளும். பினாங்கில் முதுகுப்பை ஆட்கள் தங்குகிற வட்டாரம் எது என்று தெரிந்தவர்களுக்கு இதுவே போதும்.

நான் பூச்சோங்கில் ஏர்கோன் (ஏசி) செர்விஸ் பண்ணிப் பிழைக்கிறவன். பினாங்குக்குப் போய்ச் சுற்றணும், தங்கவும் எண்ணெய்க்கும் (பெட்ரோலுக்கும்) கைக்காசு போகக் கூடாது, இவ்வளவுதான் திட்டம். வண்டி என் பழைய ஹோண்டா இஎக்ஸ் ஃபைவ் மோட்டார்சைக்கிள். நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கு டோல் கிடையாது, பினாங்குப் பாலத்திலும் 2019 ஜனவரியிலிருந்து கிடையாது. அதனால் டோலுக்குப் பயந்து பழைய ரோட்டில் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் பழைய ரோட்டில்தான் போனேன். தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார் என்று நின்று நின்று போகிற சுகம், லாரிக்குப் பக்கத்தில் 90-ல் உயிரைப் பிடித்துக்கொண்டு போவதில் வராது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி. மைகார்டு என்கிற அடையாள அட்டையைக் காட்டி ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஊற்றினால், போக சுமார் 14 வெள்ளி. இதைவிட மலிவாகப் போகணும் என்றால் நடந்துதான் போகணும்.

வேலைக்குப் பதில் தங்குமிடம் என்பது புதுசு இல்லை. இங்கிலாந்தில் 1971-ல் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உதவுகிற ஏற்பாடாக ஆரம்பித்ததுதான் இப்போது வூஃப் என்று உலகம் முழுக்க இருக்கிறது. வொர்க்அவே 2002-லிருந்து இருக்கிறது. வருடச் சந்தா கட்டினால் விடுதி, பண்ணை, வீடு என்று தேடி எழுதிப் போடலாம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் அளவில், வாரத்துக்கு ஐந்து நாள், பதிலுக்குப் படுக்கையும் சாப்பாடும் என்பது அவர்கள் சொல்கிற பொது அளவு. நான் அந்த வழியாகப் போகவில்லை. கூகள் வரைபடத்தில் அந்த விடுதிக்கு வந்திருந்த புகார்களைப் படித்தேன். 'ஏர்கோன் சொட்டுது', 'அறையில் ஈரக் காலுறை நாற்றம்', 'மேல் கட்டில் நனைஞ்சிருச்சு' என்று வரிசையாக இருந்தது. அடுத்தவருக்கு அது புகார், எனக்கு வேலை விளம்பரம். நேராக வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

பதில் போட்டது அங்கே மேனேஜராக இருக்கிற அக்கா. முதலாளி சீனர், ஆனால் தினசரி நிர்வாகம் முழுக்க இவர் கையில்தான். முதலில் எனக்கும் பொது ஒப்பந்தத்தைத்தான் நீட்டினார்.

"தம்பி, ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஹெல்ப் பண்ணுங்க, பெட்டும் பசியாறலும் ஃப்ரீ. போர்டுல பெட்டு 45 வெள்ளி, பசியாறல் 4. ஒரு நாளைக்கு 49 வெள்ளி மிச்சம் பாருங்க."

அக்கா கணக்கில் மணிக்கு 9.80 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு செவ்வாய்க்கிழமை, அதே கட்டில் முன்பதிவு செயலியில் 28 வெள்ளிக்குக் கிடக்கிறது. நான் காசு கொடுத்தால் கொடுக்கப்போவது 28-தான், 45 இல்லை. பசியாறலையும் (காலைச் சாப்பாடு) சேர்த்தால் 32. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 6.40. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து மாதம் 1,700 வெள்ளி, மணிக் கணக்கில் 8.72. ஆக, சட்டப்படி ஒரு கடைப் பையனுக்குக் கொடுக்கவேண்டியதைவிடக் கம்மி. இதில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்ற பேச்சே இல்லை. பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கிற வாரத்தில் அந்தப் படுக்கை முதலாளிக்கு ஒரு சென் செலவு வைக்காது. வேலை செய்கிறவனுக்கு மட்டும் ஐந்து மணி நேரம் போகும். போர்டு விலையை வைத்து யாராவது உங்களிடம் கணக்குச் சொன்னால், அங்கேயே செயலியைத் திறந்து காட்டுங்கள்.

இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். கோபப்படவில்லை, சிரித்தார். "சரி, உங்க கணக்கைச் சொல்லுங்க."

என் கணக்கு: ஒரு யூனிட் கழட்டிக் கழுவினால் தனி அறையில் ஒரு ராத்திரி, பசியாறல் உண்டு. போக வர எண்ணெய்க் காசு 30 வெள்ளி ரொக்கம். கேஸ் நிரப்புவது கிடையாது, புது சாமான் வேண்டுமென்றால் காசு அவர்களுடையது. மின்பெட்டியில் நான் கை வைக்கமாட்டேன், அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வரணும். பினாங்கில் வெளியாளைக் கூப்பிட்டால் சாதாரண செர்விஸுக்கே யூனிட்டுக்கு 80, 100 என்று போகும், அவர்களுக்கும் லாபம்தான். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி, 'ஓகே' என்று பதில் வாங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

வேலையைப் பற்றி. பாரம்பரிய வட்டாரம், 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். தெருவைப் பார்த்த முகப்பில் கம்ப்ரஸரைத் தொங்கவிட்டு அழகைக் கெடுக்க முடியாது. அதனால் எல்லாம் பின்கட்டில், திறந்த முற்றத்துப் பக்கம். முன் அறையிலிருந்து தண்ணீர்க் குழாய் உத்தரத்தை ஒட்டி நீளமாகப் பின்னால் வரை போகிறது, சரிவு போதாது. சரிவு இல்லாத குழாயில் தண்ணீர் நிற்கும், நின்றால் பாசி பிடிக்கும், பாசி அடைத்தால் தண்ணீர் திரும்பி வந்து மேல் கட்டில்காரன் தலையில் சொட்டும். புகாரின் மூலமே இதுதான். ரிமோட்டை 16-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் சொட்டத்தான் செய்யும்.

மூடியைக் கழட்டினால் காற்றாடி உருளையின் ஒவ்வொரு இதழிலும் கறுப்பு அப்பியிருந்தது, விரலால் வழித்தால் ஈர மாவு மாதிரி வந்தது. முந்தி செர்விஸுக்கு வந்தவர் ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், திருகுகளில் தூசி கலையவே இல்லை. கீழே பலகைத் தரை. ஒரு சொட்டு விழுந்தாலும் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் மேலே பார்ப்பார். யூனிட்டைச் சுற்றி பிளாஸ்டிக் கான்வாஸைக் கட்டி, அதன் வாலை வாளிக்குள் விட்டு, சர்க்யூட் பலகையைப் பை போட்டு மூடி, பேட்டரி பம்பில் மெதுவாக அடித்தேன். முதல் வாளி தண்ணீர் கோப்பி-ஓ (பால் விடாத காப்பி) கலரில் இருந்தது. குழாயைப் பின்பக்கத்திலிருந்து ஊதினதும் ஒரு முழ நீளத்துக்குப் பாசி கயிறு கயிறாக வந்து முற்றத்தில் விழுந்தது. அக்கா அதைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். சரிவை மட்டும் நான் சரி பண்ணவில்லை. உத்தரத்தில் பிடிகளை மாற்றி அடிக்கணும், அது வேறு விலை.

தங்கின அறை நன்றாகவே இருந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பில் கறை இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை (தையல் ஓரம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், பழக்கம்). குளியலறை பொது, ஆனால் தண்ணீர் வேகம் உண்டு. பசியாறல் என்பது ரொட்டி, காயா, உடனடிக் காப்பி. முதல் நாளோடு அதை விட்டுவிட்டேன். நடக்கிற தூரத்தில் லிட்டில் இந்தியா, இட்லியும் வடையும் ஆவி பறக்கக் கிடைக்கும்போது எதற்கு ரொட்டி? குயின் தெருவில் 1833-லிருந்து இருக்கிற மாரியம்மன் கோயில் பக்கம் காலையில் போனால் மல்லிகைக் கட்டு வாசனையோடு ஒரு தே தாரே குடிக்கலாம்.

இப்போது குறை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 'தம்பி, டாய்லெட் பல்பு ஒண்ணு போச்சு', 'தம்பி, கதவு கொஞ்சம் உரசுது', 'தம்பி, நான் பாசாருக்குப் போயிட்டு வரேன், கவுண்டரைக் கொஞ்சம் பாத்துக்கங்க' என்று வர ஆரம்பித்தது. பல்பு சரி, ரெண்டு நிமிஷம். கவுண்டரில் உட்கார்ந்தால் அது வேலை. வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து காட்டி, "அக்கா, இதுல கவுண்டர் இல்லையே. உட்காரணும்னா சாயங்காலச் சாப்பாடு உங்களோடது" என்றேன். அன்றைக்கு ராத்திரி நாசி கண்டார் வந்தது, கோழியும் வெண்டைக்காயும், குழம்பு கலந்து ஊற்றி. எழுத்தில் இல்லாதவர்களுக்கு அது வராது என்பதை அங்கேயே பார்த்தேன். லத்தீன் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், காலையில் கட்டில் விரிப்பு மாற்றி, மதியம் குளியலறை தேய்த்து, சாயங்காலம் கவுண்டரிலும் உட்கார்ந்தான். ஐந்து மணி நேரம் எங்கே முடிந்தது, எங்கே ஆரம்பித்தது என்று அவனுக்கே தெரியாது. இதை விடுதியின் பெரிய குறையாகவே சொல்வேன். அக்கா நல்லவர்தான். ஆனால் வேலை நேரத்தை எழுதிவைக்கிற ஒரு நோட்டுப் புத்தகம்கூட அங்கே கிடையாது.

அந்தப் பையன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சுற்றுலா பாஸில் வந்தவர் இங்கே வேலை செய்யக் கூடாது. 'சம்பளம் வாங்கலையே, படுக்கைதானே' என்ற பேச்சு குடிநுழைவுத் துறையிடம் எடுபடாது. வெளிநாட்டு நண்பர்களை இந்த மாதிரி இடத்துக்குக் கை காட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நமக்கு இங்கே அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தீபகற்ப மலேசியாக்காரர் இதே யோசனையோடு சபா, சரவாக் போனால் அங்கே வேலை பெர்மிட் கேட்பார்கள். அடிபட்டால் யார் பார்ப்பது என்பதையும் யோசியுங்கள். விருந்தாளியாக ஏணியில் ஏறி விழுந்தால் விடுதி ஊழியர்களுக்கான சொக்சோ (வேலை விபத்துக் காப்புறுதி) நம்மைத் தொடாது. நான் அதே சொக்சோவின் (மலாயில் பெர்கேசோ) சுயதொழில்காரர்களுக்கான திட்டத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் துணிந்து ஏறினேன்.

அங்கிருந்து ஒரு ராத்திரி பாலிக் பூலாவுக்குப் போனேன். டுரியான் பருவம், தோட்டக்காரர் ஹக்கா சீனர், அக்காவுக்குத் தெரிந்தவர். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் ரோட்டில் வளைவு வளைவாக மலை ஏறி இறங்கணும், என் காப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. ஒப்பந்தம் மலாயில் இரண்டே வரி: விழுகிற பழத்தைப் பொறுக்கு, குடிசையில் தூங்கு, கீறல் விட்ட பழம் எல்லாம் உனக்கு. பழுத்தது தானாக விழும், பெரும்பாலும் ராத்திரியில். சரிவில் வலை கட்டியிருக்கிறார்கள், வலைக்குத் தப்பினதைத் தேடி ஹெல்மெட் போட்டுக்கொண்டு டார்ச்சோடு நடக்கணும். விழுந்த பழம் சீக்கிரம் புளிக்க ஆரம்பிக்கும், அதனால் விடிகிறதுக்குள் கூடையில் ஏற்றி லாரிக்குக் கொடுத்துவிடணும். 'டும்' என்று கேட்டதும் எழுந்து ஓடுகிறவனுக்குத் தூக்கம் எங்கே வரும்? ஆனால் விடியற்காலையில் தவுக்கே (முதலாளி) ஒரு அங் ஹே வகை டுரியானைக் கத்தியால் நெம்பிக் கொடுத்தார், சுளை செம்மஞ்சள், முடிவில் லேசாகக் கசப்பு. நகரத்தில் அந்தப் பழத்துக்குக் கேட்கிற விலைக்கு என் எண்ணெய்க் காசு பறந்திருக்கும். இங்கே கணக்குப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, ஐந்துக்கு ஐந்து.

விடுதிக்குத் திரும்பி வரும்போது டுரியானைக் கொண்டுவராதீர்கள், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வண்டியைக் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஏற்றி நிறுத்தலாம், ஆனால் காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடணும், பக்கத்துக் கடைக்காரர் சட்டென்று கோபப்படுகிறவர். மேல் மாடியில் தெருப் பக்க அறை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளி, சனி ராத்திரிகளில் சூலியா தெருச் சத்தம் இரண்டு மணி வரைக்கும் ஓயாது. பின்கட்டு அறை கேளுங்கள், நான் கழுவின யூனிட் ஒன்று அங்கேயும் இருக்கிறது.