மேலே கூட்டெரு, அடியில் வயல் களி

மாரிக்குப் பையில் மரக்கறி நட நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு கல்லடி. வளவு முழுக்கக் கடற்கரை மணல், பசளை போட்டாலும் ஒரு பெருமழையோடு கீழே இறங்கிவிடும். 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு, நாலு கொச்சிக்காயாவது வீட்டில் காய்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு. அதனால்தான் மண் நிரப்பிய பை வாங்கினேன்.

ஃபோனில் ஒருவர் போட்டிருந்த படத்தைப் பார்த்து, ஐப்பசியில் அவரிடம் 20 பை. ஒன்று 350 ரூபாய், ஏற்றுக்கூலி தனி. "மேல்மண், கூட்டெரு, உமிக்கரி மூண்டும் சமனாக் கலந்திருக்கு அக்கா, நாற்ற வெச்சாச் சரி" என்றார். இறக்கும்போதே பைகள் நல்ல பாரம். ஆனால் மேலே கறுப்பாக, உதிரியாக இருந்ததால் நம்பி, கொச்சி, கத்தரி, தக்காளி நாற்றுகளை வைத்தேன்.

மழை பிடித்த மூன்றாம் நாள் பைகளில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு வாரத்தில் நாற்றுகளின் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்து, நீர் கோத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நாற்றழுகல். ஈரம் வடியாத மண்ணில் பூஞ்சணம் வேகமாகப் பிடிக்கும். ஒரு பையைக் கவிழ்த்தேன். நான்கு விரல் அளவுக்குத்தான் கூட்டெரு, கீழே முழுக்க வயல் களி. அடியில் துளையும் இல்லை!

ஃபோன் எடுத்தால், "மழை கூடிட்டு அக்கா, நாங்க என்ன செய்யிற?" அப்புறம் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். பில்லும் தரவில்லை. 7,000 ரூபாய் ஒரு பக்கம், மாரியின் நல்ல ஒரு மாதம் போனதுதான் எனக்குப் பெரிய வேதனை.

வாங்குவதானால் ஒரு பையைக் கண் முன்னால் கொட்டச் சொல்லுங்கள். அடிமண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர வேண்டும், உருண்டையாகவே நின்றால் களி. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் அடியால் வடிய வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற ஃபோன் இலக்கத்தில் முறையிடலாம். பயிர் பற்றிய சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது.

அந்தக் களியைக் கொட்டி, வளவு மணலும் மாட்டெருவும் உமிக்கரியும் கலந்து, துளை போட்ட பைகளில் மறுபடி நட்டிருக்கிறேன். கொச்சி பிடித்துவிட்டது. அந்த ஆள் இன்னும் அதே படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.